ஆக்சஸ் அக்காவின் வீட்டு முகவரி

நூலகத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் வீணாய்க் கிடந்த இடத்தைத் தடுத்து ஓர் அறையாக்கி, கதவில் 'மின்வளப் பிரிவு' என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, மூன்றாம் மாடியில் மின்விசிறி ஓடவில்லை என்று புகார் சொல்ல வந்தவர்களும் உண்டு. உள்ளே இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், ஓயாமல் உறுமுகிற ஒரு ஏசி, வெளியே நிற்கும் ஸ்கூட்டர்களின் சக்கரங்களை மட்டும் காட்டுகிற ஒரு ஜன்னல். இரண்டாவது மேசைக்கு ஆள் போடுகிறோம், போடுகிறோம் என்று சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன. முதல் மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் ஆக்சஸ் அக்கா.

பெயர் வந்த கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. ஆராய்ச்சி மாணவர்கள் எந்நேரமும் வந்து நின்று, "அக்கா, ஆக்சஸ் வரல" என்பார்கள். ஆராய்ச்சி இதழ்களை இப்போது யாரும் தாளில் வாங்குவதில்லை. பதிப்பகங்கள் அவற்றைத் தங்கள் கணினியில் வைத்துப் பூட்டியிருக்கின்றன. பல்கலைக்கழகம் சந்தா கட்டும். பூட்டு அதன் ஆட்களுக்கு மட்டும் திறக்கும். வந்திருப்பவர் அதன் ஆள்தான் என்று பூட்டுக்கு எப்படித் தெரியும்? முகத்தையும் பார்க்காது, படிப்பையும் பார்க்காது. எண்ணைப் பார்க்கும். இணையத்துக்குள் போகிற ஒவ்வொரு இணைப்புக்கும், புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்களில் ஒரு முகவரி உண்டு. எங்கள் முகவரிகள் இன்னின்னவை என்று நூலகம் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கும். அதில் அடங்கிய எண்ணிலிருந்து துணைவேந்தர் போனாலும் திறக்கும், தோட்டக்காரர் போனாலும் திறக்கும். அடங்காத எண்ணிலிருந்து அந்தக் கட்டுரையை எழுதியவரே போனாலும் போ வெளியே என்றுவிடும். அந்த எண்களை எழுதிக் கொடுப்பதும், மாறினால் திருத்திக் கொடுப்பதும்தான் அவள் வேலை.

ஆகையால் அவளிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் ஒரே கேள்விதான் திரும்பி வரும்: "கேம்பஸ்ல இருக்கீங்களா, வெளியிலயா?" ஒருமுறை தூரத்து உறவில் ஒரு சித்தி இறந்த செய்தியைச் சொல்ல யாரோ போன் செய்தபோதும் வாய் தவறி அதையே கேட்டுவிட்டாள். அந்தக் குடும்பத்தில் இன்றுவரை அவளை யாரும் விசேஷத்துக்கு அழைப்பதில்லை.

அப்பா அதே பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பேராசிரியராக இருந்தவர். இரும்பில் விரிசல் எங்கே பிறக்கிறது, எப்படிப் பரவுகிறது என்பதிலேயே ஆயுளைச் செலவழித்தவர். அவர் வகுப்பில் தும்மல் வந்தால்கூட மாணவர்கள் அடக்கிக்கொள்வார்களாம். மகள் உலோகம் படிக்காமல் நூலக அறிவியல் படிக்கப் போனபோது, "புத்தகம் அடுக்கறதுக்கு ஒரு பட்டமா?" என்று ஒரு தடவை கேட்டார். அத்தோடு சரி. பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது, ஆன வேகத்திலேயே முறிந்தும் போனது. பெட்டியோடு வந்து நின்ற மகளை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் செய்தித்தாளை மடித்துக்கொண்டே, லைப்ரரியில் ஆள் எடுக்கிறார்களாம் என்று மட்டும் சொன்னார். அம்மா போன பிறகு வீட்டில் இரண்டே பேர். காலையில் ஒன்றாகப் பஸ் ஏறுவார்கள், வளாகத்துக்குள் நுழைந்ததும் இவர் யாரோ அவள் யாரோ என்று பிரிந்து போவார்கள். பாசத்தை வாயால் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

அவர் ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்துத்தான் மறதி ஆரம்பித்தது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதில் தொடங்கி, அம்மா இறந்துபோனது மறந்து, கடைசியில் தான் ஓய்வு பெற்றதே மறந்துபோயிற்று. காலையில் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, முன்னறைக் கணினியின் எதிரே உட்கார்ந்துவிடுவார். "இன்னிக்கு எனக்கு கிளாஸ் இல்ல பாப்பா. வீட்ல இருந்தே படிக்கிறேன்" என்பார். பாப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

அவர் படிக்க விரும்பியது உலோகவியல் இதழ்களை. வளாகத்துக்கு வெளியே இருந்து படிக்க வேண்டுமானால் பணியாளர் எண்ணும் கடவுச்சொல்லும் வேண்டும். மகள் தன்னுடையதைப் போட்டுத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்புவாள். அதுவே விதிமீறல்தான். ஆனால் விதியைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. கொஞ்ச நேரம் கழித்து அது வெளியே தள்ளிவிட்டு மறுபடி எண்ணைக் கேட்கும். அப்பா தன் பழைய எண்ணை அடிப்பார். பெற்ற மகளின் வயதை மறந்தவருக்கு அந்த எண் மட்டும் தண்ணீர்பட்ட பாடு. 'இந்தப் பணியாளர் எண் நடப்பில் இல்லை' என்று சிவப்பு எழுத்தில் வரும்.

ஒருநாள் மாலை அவள் வீடு திரும்பும்போது, பகலில் அவரைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அப்பா சாப்பாட்டைத் தொடவே இல்லை, கம்ப்யூட்டரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார் என்று ரகசியம் போலச் சொன்னாள். உள்ளே போய், என்னப்பா ஆச்சு என்று கேட்டதற்கு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார். திரையில் அந்தச் சிவப்பு வரி அப்படியே நின்றது. மறுநாள் அவர் எல்லாவற்றையும் மறந்தார், மறுபடியும் அதே எண்ணை அடித்தார், மறுபடியும் அதே வரி. ஒரே மனிதரை ஒரே வேலையிலிருந்து தினம் தினம் புதிதாய் நீக்கிக்கொண்டிருந்தது அந்த யந்திரம்.

வளாகத்துக்குள் இருக்கும் கணினிகளில் இந்த வம்பே கிடையாது. எண் கேட்காது, சொல் கேட்காது. பக்கம் திறந்ததும் தலைப்பில், 'இது உங்களுக்கு வழங்கப்படுவது' என்று போட்டு, பல்கலைக்கழகத்தின் பெயர் முழுசாக வரும். மாணவர்கள் அந்த வரியைக் கண்ணாலும் பார்ப்பதில்லை. ஆனால் அப்பாவுக்குத் தேவை அந்த ஒரு வரிதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கீழே இருக்கிற கட்டுரை அவர் மண்டையில் ஏறுகிறதோ இல்லையோ, தலைக்கு மேலே அந்தப் பெயர் இருந்தால் அவர் அவராக இருப்பார்.

அந்த வருஷச் சந்தாவைப் புதுப்பிக்கும்போது முகவரிப் பட்டியலையும் புதிதாகக் கேட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்து எண்களுக்குக் கீழே தன் வீட்டு இணைப்பின் எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்தாள். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவள், வீட்டையே பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்து வைத்தாள், அவ்வளவுதான்.

ஆனால் வீட்டு இணைப்பின் எண் நிலையானது அல்ல. கரண்ட் போய் வந்தால் கடைசி எண் மாறிவிடும். மாறும்போதெல்லாம் பதிப்பகத்துக்கு எழுதித் திருத்திக்கொண்டிருந்தால் யாருக்காவது சந்தேகம் வரும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனை அவளுக்குத் தோன்றியது. கடைசி எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டாள். நட்சத்திரம் என்றால், கடைசி எண் எதுவாக இருந்தாலும் சரி என்று பொருள். பல்கலைக்கழகத்து முகவரிகளை நாள்தோறும் அப்படித்தானே எழுதுகிறாள்? கை பழகியிருந்தது. அந்தக் குறிக்குள் தன் வீடு மட்டும் அல்ல, சுற்றுவட்டாரத்தில் அதே இணைப்பு வாங்கியிருந்த அத்தனை வீடும் கடையும் அடங்கும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். இந்தத் தெருவில் யார் உலோகவியல் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நூலகர் கையெழுத்துப் போட்டார். சேர்த்துவிட்டோம் என்று பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் அந்த வீட்டில் அமைதி இருந்தது. அப்பா காலையில் உட்காருவார், தலைப்பு வரியைப் பார்ப்பார், தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பிப்பார். "இவன் சோதனையே தப்பு" என்று யாரோ ஓர் ஆராய்ச்சியாளரைத் திட்டுவார். சாயங்காலம் அவள் வரும்போது அதே கட்டுரையை அதே கோபத்தோடு படித்துக்கொண்டிருப்பார். ஒரு வேளை சாப்பாடும் மீந்ததில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் படிப்பு அப்பாவுக்கு உபயோகப்பட்டிருக்கிறது என்று அவள் உள்ளுக்குள் பூரித்துப்போனாள். அவரிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ளத்தான் வழியில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு கடை இருந்தது. ஜெராக்ஸ் எடுத்துத் தருவார்கள், ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கட்டித் தருவார்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஆய்வேட்டையே எழுதியும் தருவார்கள். ஊரில் பாதி முனைவர்கள் அங்கே பிறந்தவர்கள் என்று கேலியாகச் சொல்வதுண்டு. தங்கள் கணினியில் பூட்டிய இதழ்கள் எல்லாம் காசு கேட்காமல் திறக்கின்றன என்பதை அந்தக் கடைக்காரர்கள் எப்படியோ கண்டுபிடித்தார்கள். யார் புண்ணியமோ என்று ஆராயவில்லை. தானாகவே இறக்கிக்கொண்டிருக்கும்படி ஒரு நிரலை ஓடவிட்டு, ஓர் இதழின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாரி அள்ளினார்கள்.

பதிப்பகம் விழித்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை காலை பல்கலைக்கழகம் முழுவதற்கும் பூட்டுப் போட்டது. உங்கள் பட்டியலில் உள்ள இந்த எண்ணிலிருந்து திருட்டு நடக்கிறது, அது யாருடையது என்று கண்டுபிடித்து நீக்கி எழுதித் தரும்வரை யாருக்கும் திறக்க மாட்டோம் என்று கடிதம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிய நேரம். படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையில் நிற்க இடமில்லை. "அக்கா, ஆக்சஸ் வரல" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கண்ணெல்லாம் சிவந்து வந்த ஒரு மாணவி, கடைசி அத்தியாயம் பாதியில் நிற்கிறது, எவனோ ஒரு திருட்டுப்பயல் செய்த வேலைக்கு நான் ஏன் சாகவேண்டும் என்று அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஆக்சஸ் அக்கா அவள் தோளைத் தட்டி, ஆமாம்மா, ஆமாம்மா என்றாள். வேறு என்ன சொல்வாள்?

கடிதத்தில் இருந்த எண்ணைப் பார்க்க வலையமைப்புப் பொறியாளர் வந்தார். சின்ன வயசுக்காரர், அக்கா அக்கா என்று உயிரை விடுவார். எண்ணைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "இது நம்ம எண்ணே இல்லையேக்கா" என்றார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அந்தக் காகிதத்தை இரண்டாய் மடித்து அவள் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

நூலகருக்குப் பட்டப்பெயர் 'பார்க்கலாம்'. நாற்காலி உடைந்தது என்றாலும் பார்க்கலாம், கூரை ஒழுகுகிறது என்றாலும் பார்க்கலாம். யாருக்கும் எதையும் செய்ததும் இல்லை, யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னதும் இல்லை. அப்பாவின் வகுப்பில் ஒரு காலத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவள் போய் நின்றபோது அவர் முதலில் கேட்டது, சார் எப்படி இருக்கிறார் என்பதுதான். அதிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறைக்கவில்லை, முழுவதையும் கொட்டிவிட்டாள். சிவப்பு வரி, தலைப்பு வரி, நட்சத்திரக் குறி எல்லாவற்றையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

தட்டச்சில் நேர்ந்த பிழை என்று எழுதித் தரும்படி சொன்னார். தானே கையெழுத்துப் போட்டு அனுப்புவதாகவும், அத்தோடு இது முடியும் என்றும், அந்த வரியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். வேலை பிழைத்தது. அவள் நகரவில்லை.

"நட்சத்திரம் வேண்டாம் சார். எங்க வீட்டு எண் ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்கட்டும். மாறினா நானே திருத்திக்கறேன்."

அவர் கண்ணாடியை மறுபடியும் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பார்க்கலாம்னு சொல்ல மாட்டேம்மா. முடியாது."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. அவள் கீழே வந்து, பட்டியலைத் திறந்து, தன் வீட்டைத் தன் கையாலேயே அழித்தாள். அன்று மாலைக்குள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அழுதுவிட்டுப் போன மாணவி ஓடி வந்து, நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்வதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது ஆக்சஸ் அக்காவுக்கு.

வீட்டுக்காக ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். நூலகத்துக் கணினியில் ஓர் உலோகவியல் கட்டுரையைத் தலைப்பு வரியோடு அப்படியே பிரதி எடுத்து வந்து, அப்பாவின் கணினியில் அது மட்டும் திறக்கும்படி வைத்தாள். அவருக்கு எல்லா நாளும் முதல் நாள்தானே, தினமும் புதிதாகப் படிப்பார் என்று கணக்குப் போட்டாள். இரண்டு நாள் படிக்கவும் படித்தார். மூன்றாம் நாள் பக்கத்தின் அடியில் இருந்த 'அடுத்த கட்டுரை' என்பதை அழுத்திவிட்டார். அது நிஜமான வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. 'விருந்தினரே, இதைப் படிக்க உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் நிறுவனம் எது?' என்று கேட்டது. பிறகு நடந்தது பழைய கதை. அவர் தன் எண்ணை அடித்திருக்கிறார்.

ஆனால் இந்தத் தடவை ஒரு வித்தியாசம். அவர் அழவில்லை. மாலையில் அவள் வந்தபோது கணினி அணைந்திருந்தது. படிக்கவில்லையா அப்பா என்று கேட்டாள். படித்தாகிவிட்டது, இன்றைக்கு வேலை அதிகம் என்றார். அடுத்த நாளும் அப்படித்தான். குளித்தார், சட்டையை உள்ளே விட்டார், பெல்ட் போட்டார், அணைந்த திரையின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவருகே நின்று அவள் போய்விட்டு வருகிறேன் என்றால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார். கணினியைப் போடவேண்டும் என்பதும் மறந்துவிட்டது போல என்று அவள் நினைத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. மறந்துவிட்டால் வலியும் இல்லையே. நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். சுமக்க முடியாததை மறதி தலையில் கட்டிவிடுவது மனுஷ சுபாவம்.

ஒரு பகலில் வாயில் காவலாளி அவள் அறைக்குப் போன் செய்தார். யாரோ ஒரு பெரியவர் வந்திருக்கிறார், அடையாள அட்டை இல்லை, பதிவாளரைப் பார்த்தே தீருவேன் என்கிறார், பழைய பேராசிரியர் என்று தோன்றுகிறது, உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்று கேட்டார். போனை வைத்ததாகக்கூட அவளுக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டு அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து அவர் கிளம்பியிருக்கிறார். எந்தப் பஸ் ஏறினாரோ, எங்கே இறங்கினாரோ, கால் மட்டும் வழியை ஞாபகம் வைத்திருந்திருக்கிறது.

காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. கழுத்தில் அட்டை தொங்க வேகமாக வந்து நின்றவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார். பெற்ற மகளுக்காக அவர் எழுந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

"நீங்க ஆபீஸ்ங்களா மேடம்?" என்று கேட்டார்.

அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் அவசரமாகப் பேச ஆரம்பித்தார். தான் உலோகவியல் துறை என்றார். தன் எண்ணைப் போட்டால் நடப்பில் இல்லை என்று வருகிறது, யாரும் நேரில் சொல்லவில்லை, கடிதமும் வரவில்லை என்றார். "என்ன தப்பு செஞ்சேன்னு மட்டும் தெரிஞ்சா போதும் மேடம். சண்டை போட வரல."

"நீங்க ஒரு தப்பும் செய்யல" என்றாள். அது அவளுக்குத் தெரிந்த அளவு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. வாயிலுக்கு உள்ளே, நூலகத்தில் எந்தக் கணினியில் உட்கார வைத்தாலும் அந்தத் தலைப்பு வரி வரும் என்பது நினைவுக்கு வந்தது. பார்வையாளராக யார் வந்தாலும் உட்கார்ந்து படிக்கலாம். அதற்கு விதியே இடம் கொடுக்கிறது. இத்தனை நாள் ஏன் இது தோன்றவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு, "உள்ள வாங்க. லைப்ரரில உக்காந்து படிக்கலாம். அங்க எண்ணெல்லாம் கேக்காது" என்றாள்.

அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். "லைப்ரரி வேண்டாம் மேடம். அங்கதான் என் பொண்ணு இருக்கு."

காவலாளி தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அதுக்குத் தெரியக்கூடாது" என்றார் அப்பா. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு வேலை போயிடுச்சுன்னு தெரிஞ்சா அது தாங்காது. புருஷனும் சரியில்லாம போயிட்டான், என்னை நம்பித்தான் இருக்கு. அது கிளம்பற வரைக்கும் தினமும் சட்டை மாட்டிக்கிட்டு வேலை பாக்கற மாதிரி உக்காந்திருக்கேன். நீங்க லைப்ரரி பக்கம் போனா, தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

எல்லாவற்றையும் மறந்த மனிதர் இதை மட்டும் நாள் தவறாமல் எப்படி ஞாபகம் வைத்திருந்தார் என்று எந்த மருத்துவரும் அவளுக்குப் பிற்பாடு விளக்கவில்லை. அப்போது அவளால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்.

"சொல்ல மாட்டேன் சார்."

தானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று சொல்லி அவரோடு பஸ் ஏறினாள். இடம் கிடைத்தபோது அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் உட்காருங்கள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இறங்கியதும் தெருமுனையில் சற்றுத் தடுமாறினார். அவள் ஒரு முழம் முன்னால் நடக்க, அவர் பின்னாலேயே வந்தார். பக்கத்து வீட்டு அம்மா பதறிப்போய் வாசலில் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன் ஆக்சஸ் அக்கா தலையை அசைத்து வேண்டாம் என்றாள். அந்த அம்மாவிடம் இருந்த சாவியால் கதவு திறந்தது.

அப்பா படியில் ஏறி நின்று திரும்பினார். மிகவும் நன்றி என்றார். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, குறுக்கே ஒரு கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

"இதுக்கு மேல வராதீங்க மேடம். அது வர்ற நேரம். யார் நீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ் விழுந்தது. ஜன்னல் வழியே அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு கணினியின் முன்னால் போய் உட்காருவது தெரிந்தது. அவள் தன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனாள். அவருடைய மகள் வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. அதுவரை அங்கேயே நின்றாள்.